பிரித்த குப்பை எங்கே சேர்கிறது?

1883 நவம்பரில், பாரிஸ் நகரை உள்ளடக்கிய சேன் மாவட்டத்தின் ஆட்சித் தலைவர் யூஜீன் புபேல் ஓர் ஆணை பிறப்பித்தார். ஒவ்வொரு கட்டட உரிமையாளரும் குடியிருப்போருக்கு மூடியுள்ள குப்பைத் தொட்டிகளை வைத்துத் தர வேண்டும். அழுகும் பொருள்களுக்கு ஒன்று, காகிதத்துக்கும் கந்தல் துணிக்கும் ஒன்று, கண்ணாடி, பீங்கான், சிப்பி ஓடுகளுக்கு ஒன்று என மொத்தம் மூன்று. தொட்டி வைக்கும் வழக்கம் ஊன்றிவிட்டது. மூன்றாகப் பிரிக்கும் வழக்கம் நிலைக்கவில்லை.

இன்று சென்னைத் தெருவில் மாநகராட்சியின் பேட்டரி வண்டி வந்து நிற்கும்போதும் அதே கேள்விதான் வாசலில் நிற்கிறது. குப்பையை யார் பிரிப்பது, எந்த இடத்தில், எத்தனையாக? இந்த நகரம் நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேர்க்கிறது. அதில் ஏறத்தாழ பாதி, சமையலறையிலிருந்தும் சந்தையிலிருந்தும் வரும் மக்கும் குப்பை. பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகள் பல பத்தாண்டுகளாக இதைத் தாங்கிவந்தன. இந்தக் கேள்விக்கு இதுவரை சொல்லப்பட்ட விடைகளை ஐந்து வகையாகக் கொள்ளலாம். எதுவும் முழு விடை அன்று. ஆனால் வீட்டில் இருப்பவர் நாளைக் காலை என்ன செய்யலாம் என்பதற்கு ஒவ்வொன்றும் ஏதோ ஒன்றைச் சொல்கிறது.

வீட்டிலேயே பிரி

இந்திய நகரங்களில் அதிகாரபூர்வமான விடை இதுதான். அதற்கு முன்பே சென்னையில் இதற்கு ஒரு மக்கள் வடிவம் இருந்தது. எம்.பி. நிர்மல் 1989இல் தொடங்கிய எக்ஸ்னோரா, தெருவாசிகளே மாதச் சந்தா போட்டு ஒருவரை அமர்த்தி, மூன்று சக்கர வண்டியில் வீடு வீடாகக் குப்பை எடுக்கும் முறையைப் பரப்பியது. அந்தப் பணியாளரை ‘தெரு அழகுபடுத்துநர்’ என்று அழைத்தார்கள். தெருமுனைத் தொட்டியை நோக்கிக் குப்பைப் பையை வீசிவிட்டுப் போகும் பழக்கத்தை மாற்றியதில் இதற்குப் பங்கு உண்டு.

சட்டத்தின் பாதை வேறு. அல்மித்ரா படேல் 1996இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் தொடர்ச்சியாகக் குழு அமைந்தது, அறிக்கை வந்தது, 2000இல் நகராட்சித் திடக்கழிவு விதிகள் பிறந்தன. 2016இல் வந்த புதிய விதிகள் வீட்டுக்காரர் மீது கடமையைத் தெளிவாகவே சுமத்தின: மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் குப்பை என மூன்றாகப் பிரித்துத் தர வேண்டும். பெங்களூரில் நெருக்கடியே சட்டத்தை முந்தியது. 2012இல் மாவள்ளிபுரா மக்கள் தங்கள் ஊருக்குக் குப்பை லாரி வரக் கூடாது என்று நின்றபோது நகரத் தெருக்களில் குப்பை மலைபோல் குவிந்தது. 2015 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் இரண்டு தொட்டி, ஒரு பை என்ற முறையைக் கட்டாயமாக்கியது.

இந்த விடையின் பலவீனம் வீட்டில் இல்லை, வண்டியில் இருக்கிறது. பிரித்துக் கொடுத்த இரண்டு பைகளும் ஒரே பெட்டிக்குள் விழுவதைக் கண்ணால் பார்த்த குடும்பம் அடுத்த வாரமே பிரிப்பதை விட்டுவிடும். இதைச் சோம்பல் என்று சொல்வது நியாயமாகாது. வண்டி ஏன் கலக்கிறது என்பதற்கு ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். சென்னையில் 2000இல் ஓனிக்ஸ் நிறுவனத்தோடு தனியார் சேகரிப்பு தொடங்கியபோது, அகற்றும் எடைக்கு ஏற்பப் பணம் என்ற கணக்கு இருந்தது. எடைக்குக் கூலி என்றால் ஈரம் சொட்டும் கலப்புக் குப்பைதான் லாபம். உரத்துக்குப் போய்விட்ட காய்கறித் தோல் நட்டம். 2020இல் தொடங்கிய புதிய ஒப்பந்தங்களில் எடைக்குப் பதிலாகச் செயல்திறன் அளவுகோல்கள் வந்தன. சரியான திசைதான். ஆனால் அளவுகோலை எவ்வளவு கண்டிப்பாக அளக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

எத்தனையாகப் பிரிப்பது என்பதிலும் கருத்து ஒன்றாக இல்லை. ஜப்பானின் காமிகட்சு என்ற சிற்றூர் 45 வகையாகப் பிரித்து, ஏறத்தாழ 80 விழுக்காட்டை மறுசுழற்சிக்கு அனுப்புகிறது. உலகமெங்கும் வியந்து எழுதப்பட்ட ஊர் அது. அங்கே வாழ்பவர்கள் இரண்டாயிரத்துக்கும் குறைவு, அவர்களே குப்பையைக் கொண்டுபோய் நிலையத்தில் வகைவாரியாகப் போடுகிறார்கள் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். நம்மிடம் 2024 டிசம்பரில் வெளியான வரைவு விதிகள் நான்காகப் பிரிக்கச் சொல்லின. மூன்றே நடக்காத இடத்தில் நான்கு நடக்குமா என்ற ஐயம் இயல்பானது.

பிரிப்பவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள்

புபேலின் ஆணையை எதிர்த்து முதலில் குரல் கொடுத்தவர்கள் பாரிஸின் கந்தல் பொறுக்குவோர். அவர்களின் பிழைப்பு மூடிக்குள் போனது. கடைசியில், வண்டி வருமுன் தொட்டியை ஒரு துணியில் கொட்டிப் பொறுக்கிக்கொள்ள அவர்களுக்கு இசைவு தர வேண்டியதாயிற்று.

இரண்டாவது விடை இந்த வரலாற்றிலிருந்து புறப்படுகிறது. நகரம் தன் குப்பையைப் பிரிக்கவில்லை என்று சொல்வதே தவறு, அதைப் பிரிக்கிறவர்களை நகரம் பார்ப்பதில்லை என்பதே உண்மை என்கிறது இது. பழைய பேப்பர்காரர், காயலான் கடை, புதுப்பேட்டை உதிரிபாகச் சந்தை, கொடுங்கையூர் மேட்டில் காந்தத்தோடு அலையும் கைகள் என்று ஒரு பெரும் சங்கிலி சென்னையில் எந்த விதிக்கும் முன்பே இயங்கிவந்திருக்கிறது. செய்தித்தாளையும் பித்தளையையும் குப்பையில் போடும் வீடு தமிழ்நாட்டில் அரிது.

இதை முறைப்படுத்திக் காட்டிய ஊர் புனே. 1993இல் அங்கே குப்பை பொறுக்குவோர் தொழிற்சங்கம் அமைந்தது. அதிலிருந்து கிளைத்த ‘ஸ்வச்’ கூட்டுறவு அமைப்பில் இன்று மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள், பெரும்பாலும் பெண்கள். வீடுகளிடமிருந்து மாதக் கட்டணம் வாங்குகிறார்கள், மறுவிற்பனைப் பொருளை விற்கும் உரிமையும் அவர்களுடையது. பிரித்த பொருளால் அவர்களுக்கே வருமானம் என்பதால் கலப்பதற்கு அவர்களுக்குக் காரணமே இல்லை. முதல் விடையின் ஓட்டை இங்கே ஓரளவு அடைபடுகிறது.

ஆனால் சந்தை பிரிப்பது விலை உள்ளதை மட்டுமே. பெட் பாட்டிலுக்கு விலை உண்டு, எண்ணெய் கேனுக்கு உண்டு, பால் பாக்கெட்டுக்கு ஓரளவு உண்டு. பிஸ்கட் உறைக்கும் ஷாம்பு சாஷேக்கும் கிடையாது. கச்சா எண்ணெய் விலை இறங்கினால் புது பிளாஸ்டிக் மலிந்து, பழைய பிளாஸ்டிக்கை வாங்குவாரில்லாமல் போகும். மேலும், கையுறையின்றி உடைந்த கண்ணாடியையும் பயன்படுத்திய நாப்கினையும் தொட்டுப் பிரிக்கும் வேலையைச் ‘சங்கிலி இயங்குகிறது’ என்று பாராட்டுவதில் ஒரு வசதியான கண்மூடித்தனம் இருக்கிறது. இந்தியாவில் அந்தக் கைகள் எந்தச் சாதிகளைச் சேர்ந்தவை என்பது யாரும் அறியாததல்ல.

இயந்திரமும் நெருப்பும்

மூன்றாவது விடை பொறியாளர்களுடையது. மக்களைத் திருத்த முயலாதே, எல்லாவற்றையும் கொண்டுவா, ஆலை பார்த்துக்கொள்ளும் என்கிறது. அதன் மிகக் கவர்ச்சியான வடிவம், குப்பையை எரித்து மின்சாரம்.

இந்த நம்பிக்கையின் முதல் இந்தியச் சோதனை டெல்லி திமார்பூரில் 1987இல் நடந்தது. டென்மார்க் தொழில்நுட்பம், நாளுக்கு 300 டன் எரிக்கும் திறன். 21 நாள் சோதனை ஓட்டத்தோடு ஆலை நின்றது. வந்த குப்பையில் எரிவதற்குப் போதுமான வெப்பமதிப்பு இல்லை.

காரணம் எளிய இயற்பியல். ஒரு கிலோ தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்க ஏறக்குறைய 600 கிலோகலோரி வேண்டும். காய்கறித் தோலிலும் மீந்த சோற்றிலும் பெரும்பகுதி தண்ணீர்தான். அதை உலைக்குள் அனுப்புவது ஈர விறகில் அடுப்பு மூட்டுவதற்குச் சமம். ஒரு கிலோவுக்கு 1,500 கிலோகலோரிக்கு மேல் வெப்பமதிப்பு உள்ள, மறுசுழற்சிக்கு உதவாத குப்பையை எரிபொருளாக்க வேண்டும் என்று 2016 விதிகள் சொல்லின. கலப்புக் குப்பை அந்த அளவைத் தொடுவது கடினம். ஆக, பிரிப்பதைத் தவிர்க்க வந்த ஆலைக்கே பிரித்த குப்பைதான் தேவைப்படுகிறது. இந்த விடை தன்னையே அரித்துக்கொள்ளும் இடம் இது.

எரிந்தால் இன்னொரு சிக்கல். குளோரின் உள்ள பிளாஸ்டிக் குறைந்த வெப்பத்தில் எரியும்போது டையாக்சின்கள் உருவாகின்றன. நவீன ஆலைகள் உயர் வெப்பத்தாலும் வடிகட்டிகளாலும் இதைக் கட்டுப்படுத்த முடியும் என்பது ஐரோப்பிய அனுபவம். ஆனால் கண்காணிப்பு அதே தரத்தில் இருக்குமா என்பதே கொடுங்கையூர் எரிஉலைத் திட்டத்துக்கு எதிராக 2025இல் போராடிய வடசென்னை மக்களின் கேள்வி. மணலி, எண்ணூர்த் தொழிற்சாலைப் புகையோடு வாழ்ந்தவர்கள் அதைக் கேட்பதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது.

ஈரக் குப்பையை எரிக்காமல் நொதிக்கவைக்கும் ஆலைகள் வேறு வகை. இந்தூரில் 2022 பிப்ரவரியில் தொடங்கிய உயிரி எரிவாயு ஆலை, நாளுக்கு 550 டன் ஈரக் குப்பையிலிருந்து சுமார் 17,000 கிலோ எரிவாயு தரும் திறன் கொண்டதாக அறிவிக்கப்பட்டது. அந்த ஆலை சாத்தியமானது வீடுகளில் ஈரக் குப்பை தனியாகப் பெறப்பட்டதால்தான். இங்கும் பிரிப்பு வீட்டுக்கே திரும்புகிறது.

பிரிக்காமல் விட்டால் பிறகு பிரிக்க ஆகும் செலவைப் பெருங்குடியில் பார்க்கலாம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் பல்லாண்டுகள் கொட்டியதை இப்போது பயோமைனிங் முறையில் தோண்டி, சலித்து, மண் வேறு, பிளாஸ்டிக் வேறு, கல் வேறு என்று பிரிக்கிறார்கள். 2022 ஏப்ரலில் அங்கே தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. அதே ஆண்டில்தான் சதுப்பு நிலத்துக்கு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் தகுதியும் கிடைத்தது.

வாசலைத் தாண்டவிடாதே

நான்காவது விடை, மக்கும் குப்பையை வீட்டிலேயே முடித்துக்கொள்வது. திருவனந்தபுரத்தின் விளப்பில்சாலைக் குப்பை ஆலை மக்கள் எதிர்ப்பால் 2011இல் மூடப்பட்டது. ஆலப்புழையின் குப்பை போய்க்கொண்டிருந்த சர்வோதயபுரம் ஆலைக்கும் அடுத்த ஆண்டில் அதே கதி. வேறு வழியில்லாமல் ஆலப்புழை நகராட்சி, வீடுகளுக்கு மானிய விலையில் குழாய் உரக்கலமும் சிறு எரிவாயுக் கலமும் கொடுத்தது. இடம் இல்லாதோருக்குத் தெருவில் ‘தும்பூர்முழி’ உரத்தொட்டிகள் வந்தன. 2017இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் எடுத்துக்காட்டிய ஐந்து நகரங்களில் ஆலப்புழையும் ஒன்று.

சென்னை அடுக்குமாடிகளுக்கு இது எவ்வளவு பொருந்தும்? உரம் தயாரிப்பதில் தொழில்நுட்பம் தடையில்லை. இரண்டு கலங்கள், அடியிலும் பக்கத்திலும் காற்றுத் துளை, ஒவ்வொரு நாளும் போடும் ஈரக் குப்பைமேல் அதே அளவு காய்ந்த இலை அல்லது தென்னை நார்க்கழிவு. முதல் கலம் நிறைந்ததும் ஓரங்கட்டி இரண்டாவதற்கு மாறினால், அது நிறைவதற்குள் முதலாவது ஏறக்குறைய உரமாகியிருக்கும். நாற்றம் வந்தால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். காய்ந்த இலையைக் கூட்டிக் கிளறிவிட்டால் போதும். தடித்த பழுப்புப் புழுக்களைக் கண்டு கலத்தையே தூக்கி எறிபவர்கள் உண்டு. அவை பெரும்பாலும் கருப்புப் படைவீரன் ஈயின் புழுக்கள், வேலையை விரைவாக்குபவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கலத்துக்கு மூடி அவசியம். மீன் முள்ளையும் எண்ணெய் மிகுந்த குழம்பையும் புதிதாகத் தொடங்குபவர்கள் தவிர்ப்பது நல்லது.

எரிவாயுக் கலத்தைப் பற்றி மட்டும் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது, ஏனெனில் விற்பவர்களின் வாக்குறுதி பெரிது. ஒரு கிலோ உணவுக் கழிவு ஏறத்தாழ 0.1 கனமீட்டர் வாயு தரும். ஒரு கனமீட்டர் வாயு சுமார் 0.45 கிலோ சமையல் எரிவாயுவுக்கு ஈடு. நான்கு பேர் உள்ள வீட்டில் நாளுக்கு ஒரு கிலோ ஈரக் குப்பை என்றால், 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றை மிச்சப்படுத்தப் பத்து மாதத்துக்கு மேல் ஆகும். கலத்தின் விலையையும் பராமரிப்பையும் வைத்துப் பார்த்தால் தனி வீட்டுக்கு இது சேமிப்பு ஆகாது. விடுதி, கல்யாண மண்டபம், நூறு வீடுகள் கொண்ட வளாகம் என்றால் கணக்கு மாறும்.

இந்த விடையின் அரசியல் பலவீனமும் சொல்லப்பட வேண்டும். வீடே முடித்துக்கொள்ளட்டும் என்பது நகராட்சி தன் பொறுப்பைக் கைகழுவ எளிதான வாசகமாகிவிடலாம்.

விற்றவர் எடுத்துக்கொள்ளட்டும்

ஐந்தாவது விடை, பொருளை விற்றவரிடமே பொறுப்பைத் தருகிறது. ஜெர்மனி 1991இல் உறைகளின் பொறுப்பை உற்பத்தியாளர் மீது வைத்தது. இந்தியாவின் 2016 பிளாஸ்டிக் விதிகளிலும் அந்தக் கருத்து உண்டு. காகிதச் சான்றிதழ்களால் கடமை முடிந்ததாகக் காட்டிவிட முடியும் என்பது இதன் மீதான முக்கியக் குற்றச்சாட்டு.

இதைவிடத் தெளிவான சான்று நீலகிரியில் இருக்கிறது. காட்டில் வீசப்படும் மது பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிப்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் கையில் எடுத்தபின், 2022இல் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் அதைக் கொடுத்தது. மிகப் பெரும்பான்மையான பாட்டில்கள் திரும்பிவந்தன. விழிப்புணர்வுப் பேரணி எதுவும் இதைச் சாதித்ததில்லை. சிக்கல் என்னவென்றால், பாட்டிலுக்குப் பத்து ரூபாய் போடலாம். ஒரு ரூபாய் ஷாம்பு சாஷேக்கு என்ன போடுவது?

ஒரு பிடி அபாயம்

எல்லாத் தரப்பும் ஒப்புக்கொள்ளும், எல்லோரும் கடைசியில் பேசும் பகுதி இது. வீட்டுக் குப்பையில் அபாயமானவை எடையில் மிகக் குறைவு. ஆனால் தூய்மைப் பணியாளரின் கையில் ஊசி ஏறுவதும், குப்பை வண்டியில் தீப்பிடிப்பதும் இந்தக் குறைவான பகுதியால்தான்.

லித்தியம் மின்கலம் நசுங்கினால் தானே தீப்பற்றக்கூடும். உப்பிப்போன கைப்பேசி மின்கலத்தைக் குத்தவோ மறுபடி சார்ஜ் போடவோ கூடாது. முனைகளில் நாடா ஒட்டி, தனியே வைத்து, மின்னணுக் கழிவு எடுக்கும் இடத்தில் கொடுக்க வேண்டும். பொத்தான் மின்கலம் குழந்தையின் கைக்கு எட்டவே கூடாது. விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். இன்சுலின் ஊசிகளைத் தடித்த பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடி இறுக்க வேண்டும். உடைந்த கண்ணாடியைச் செய்தித்தாளில் பல சுற்றுச் சுற்றி, மேலே எழுதியும் வைக்கலாம். புனேயில் நாப்கின் பொட்டலத்தின்மேல் சிவப்புப் புள்ளி வைக்கும் இயக்கம் நடந்தது. செலவில்லாத, மரியாதையுள்ள யோசனை அது.

பழைய சி.எஃப்.எல். விளக்கிலும் குழல் விளக்கிலும் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. உடைந்தால் ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை நிறுத்தி, பத்து நிமிடம் அறையைவிட்டு விலகி, பின்பு தடித்த அட்டையால் அள்ள வேண்டும். துடைப்பம் போட்டால் துகள் பரவும். எல்.இ.டி. வந்தபின் இந்தத் தொல்லை குறைந்துவருகிறது.

எதையும் வாசலில் எரிக்கக் கூடாது என்பதில் கருத்து வேறுபாடே இல்லை. 2016 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் திறந்தவெளியில் குப்பை எரிப்பதற்கு 5,000 ரூபாய் அபராதம் விதித்தது. இருந்தும் மார்கழிக் காலையில் வேப்பஞ்சருகோடு பிளாஸ்டிக் பையும் சேர்ந்து எரிவது நின்றபாடில்லை.

எது உறுதி, எது திறந்திருக்கிறது

ஐந்து விடைகளையும் அருகருகே வைத்தால் ஒன்று மட்டும் ஓரளவு உறுதியாகத் தெரிகிறது. எத்தனை வகையாகப் பிரிக்கிறோம் என்பதைவிட, ஈரம் காய்ந்ததைத் தொடுவதற்குமுன் பிரிக்கிறோமா என்பதே முக்கியம். சாம்பார் பட்ட செய்தித்தாள் காயலான் கடைக்கும் ஆகாது, உலைக்கும் ஆகாது. ஈரம் படாத காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் விலை தெரிந்தவர்கள் வீட்டைவிட நன்றாகப் பிரிப்பார்கள். ஆகவே வீட்டுக்கு இரண்டு தொட்டியும் ஒரு சிறு அபாயப் பெட்டியும் போதும் போலத் தோன்றுகிறது. பால் பாக்கெட்டை வெட்டும்போது மூலையைத் துண்டாகப் பிரிக்காமல், பாத்திரம் கழுவிய கடைசித் தண்ணீரில் அலசிக் காயவைத்தால் வீட்டுப் பக்கத்தின் வேலை ஏறத்தாழ முடிந்தது. தண்ணீர் லாரியை எதிர்பார்க்கும் தெருக்களில் இதற்கென்று நல்ல தண்ணீரைச் செலவிடச் சொல்வது பொருந்தாது.

வண்டிப் பக்கம்தான் விடை எட்டவில்லை. கலந்து எடுக்கும் ஒப்பந்ததாரரிடம் பிடித்தம் செய்வதா, பிரித்துத் தரும் தெருவுக்குச் சலுகை தருவதா, பணியாளருக்கு மறுவிற்பனை உரிமையை எழுத்தில் தருவதா? மூன்றையும் ஒரே நகரத்தில் ஒப்பிட்டுப் பார்த்தால் பயன் உண்டு. 2025 ஆகஸ்ட்டில் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன் தூய்மைப் பணியாளர்கள் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்கள் தனியாருக்குப் போவதை எதிர்த்து நாள்கணக்கில் அமர்ந்தபோது பேசப்பட்டது ஊதியமும் பணிப் பாதுகாப்பும். பிரிப்பும் அதனோடு பிணைந்ததுதான். வேலை நிரந்தரமில்லாத ஒருவர், கலந்து கொடுக்கும் வீட்டுக்காரரிடம் ‘பிரிச்சுக் குடுங்கம்மா’ என்று எத்தனை முறை சொல்ல முடியும்?

இடத்தைப் பற்றிய கேள்வியும் அப்படியே நிற்கிறது. உரக்கலம் பற்றிய அறிவுரைகள் எல்லாம் பால்கனியோ மொட்டை மாடியோ உள்ள வீட்டை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. பெரும்பாக்கம், செம்மஞ்சேரி போன்ற மறுகுடியமர்வுப் பகுதிகளில் ஒரு சிறு அறையும் அதனினும் சிறிய சமையலறையும் கொண்ட குடும்பம் இரண்டாவது தொட்டியை எங்கே வைக்கும், மின்தூக்கி ஓடாத நாளில் ஏழாவது மாடியிலிருந்து அதை யார் இறக்குவது என்பதற்கு மேலே கண்ட ஐந்து விடைகளில் ஒன்றும் நேராக முகம் கொடுக்கவில்லை. அங்கே தளத்துக்கு ஒரு பொதுத் தொட்டியும் அதற்கென ஊதியம் பெறும் ஓர் ஆளும் தேவைப்படலாம். அந்த ஊதியத்தை மாநகராட்சி தருவதா, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் தருவதா என்ற இடத்தில் விவாதம் இன்னும் தொடங்க வேண்டியிருக்கிறது.